இரண்டு பச்சை டெப்

முதல் நாளே என்னை அழவைத்த மனிதர் அவர்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். ஒரு குடும்பத்தின் விபரம் முழுவதையும் கம்பியூட்டரில் ஏற்றி முடித்துவிட்டு, 'சேமி' என்பதை அமுக்குவதாக நினைத்து, பக்கத்திலிருந்த 'நீக்கு' என்பதை அமுக்கிவிட்டேன். எல்லாம் போய்விட்டது. பின்னால் நின்றிருந்தவர் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தார். கீபோர்ட் துள்ளி விழுந்தது.

"எவன் இதப் பக்கத்துல பக்கத்துல வச்சான்? ஒரே சைசு, ஒரே கலரு. ஒண்ணு காப்பாத்துறது, ஒண்ணு கொல்லுறது. இத வச்சவன் புத்தியத்தான் மொதல்ல நீக்கணும்!"

எனக்குத்தான் ஏச்சு விழுகிறது என்று நினைத்து அழுதுவிட்டேன். அவர் பதறிப்போனார்.

"ஏன் தங்கச்சி அழுவுற? ஒன்னையவா சொன்னேன்? நீ என்ன பண்ணுவ? இந்தச் சனியன்தான் ஒன்னைய அமுக்க வச்சுச்சு" என்று மொனிட்டரைக் காட்டினார். பிறகு குனிந்து கீபோர்ட்டை எடுத்து, அதன் தூசியைச் சட்டையில் துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்பதற்கு அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. நெற்றி நரம்பு எப்போதும் புடைத்தே இருக்கும். ஒருவர் பிழை விட்டால், விட்டவரை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். பிழை விட வைத்த சாமானைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு அதைச் செய்தவனைத் திட்டுவார்.

பதுளை டவுனில், பசறைக்குப் போகும் ரோட்டோரம், ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ் இருந்தது. தோட்டங்களில் அடையாள அட்டை இல்லாமல் இருந்த சனங்களுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு திட்டம். வெளிநாட்டுப் பணம். போர் மறுபடியும் மூண்டிருந்த வருசங்கள் அவை. அட்டை இல்லாத ஒரு தமிழர் மலையை விட்டு இறங்கினால், எந்தச் சோதனைச் சாவடியில் இறக்கி வைக்கப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் நான்கு பெண்கள் தட்டச்சு செய்தோம். நான்கு பேரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். வெளிநாட்டில் யாரோ கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர்களை வைத்துத் திட்டம் ஓடியது. அவற்றுக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தது அண்ணன்தான். பழைய மெசினும் ஓடும், களவாகப் பிரதி எடுத்த சீடியும் தேவையில்லை என்பார்.

அவருடைய கோபம் ஒபிஸோடு நிற்பதில்லை. ஒருநாள் பண்டாரவளைக்குப் போவதற்காகப் பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்த ஒரு தோட்டத்து அம்மா, தவறுதலாக மொனராகலை பஸ்ஸில் ஏறிவிட்டார். நானும் அண்ணனும் அதே பஸ்ஸில் ஒரு தோட்டத்துக்குப் படிவங்கள் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில்தான் கண்டக்டருக்கு விசயம் தெரிந்தது. போர்டு வாசிக்கத் தெரியாதா என்று சிங்களத்தில் சத்தம் போட்டு, மழைக்குள் அவரை இறக்கிவிட்டான். அண்ணனும் கூடவே இறங்கினார். வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். அவர் பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டு போர்டைக் காட்டிக் கத்தினார்: "இதுல எங்கடா தமிழ் இருக்கு? ஒரு எழுத்து இருக்கா? இல்லாத எழுத்த அது எப்புடிப் படிக்கும்?"

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா நடுங்கிப்போய், "விடுங்கய்யா, எம்மேலதான் தப்பு, நான் கேட்டு ஏறியிருக்கணும்" என்றார்.

"ஒங்க மேல என்னம்மா தப்பு?" என்று அவர் அந்த அம்மாவிடமும் கத்தினார்.

அடுத்த நாள் காட்போட் அட்டையில் பெரிதாக 'மொனராகலை' என்று தமிழில் எழுதி எடுத்துப்போய், அதே பஸ்ஸின் முன்கண்ணாடியில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் இருந்தது. பிறகு காணாமல் போனது. மறுபடியும் எழுதிக் கட்டினார். அன்று மாலையே அது வடிகானில் கிடந்தது. அதை எடுத்துக் காயவைத்து மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தக் கோபம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய மூத்த அண்ணன் ஒபிஸுக்கு வந்த அன்று தெரிந்துகொண்டேன். அந்த மனிதரின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன. தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரில் போனவை. டீ ஊற்றிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டு, நான் கேட்காமலே சிரித்தபடி சொன்னார்:

"நம்ம அவசரம்தான் தங்கச்சி. நிப்பாட்டிட்டு கைய வைக்கணும்ல. நான்தான் பாக்காம வச்சிட்டேன்."

உள்ளே இருந்து அண்ணன் பாய்ந்து வந்தார்.

"பாக்காம வச்சியா? நிப்பாட்டுற சுவிச்ச அமுக்கிட்டுத்தானே வச்ச?"

"அது சரிடா, ஆனா..."

"என்ன ஆனா? முந்தின நாள் ரிப்பேர் பண்ணவன் மேல இருந்தத கீழயும் கீழ இருந்தத மேலயும் மாத்தி வச்சிட்டுப் போயிட்டான். ரெண்டும் ஒரே கறுப்புப் பொத்தான். பத்து வருசமா கீழ அமுக்குன கை கீழதான் அமுக்கும். அமுக்குனான். ஓடுச்சு." என்னிடம் திரும்பினார். "விசாரண வச்சாங்க தங்கச்சி. தோட்டத்துத் தொர வந்தாரு, பெரிய டீமேக்கர் வந்தாரு, சங்கத்து ஆளு வந்தான். கடசியில என்ன எழுதுனாங்க தெரியுமா? தொழிலாளியின் கவனயீனம். ரெண்டே வார்த்த. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இவன் எடது கையால போட்டான்."

"போடாட்டி என்ன வரப்போகுது?" என்றார் மூத்தவர். டீயை ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போனார். பத்து வருசத்துக்கும் மேல் அவர் அதை நம்பியே வாழ்ந்திருக்கிறார். தம்பியின் நெற்றி நரம்பு அன்று முழுக்க இறங்கவில்லை.

இனி அந்தப் பச்சைக்கு வருகிறேன்.

எங்கள் திட்டத்துக்கு ஒரு இணைப்பாளர் இருந்தார். கொழும்பு ஆள். இங்கிலீஷ் சரளமாக வரும். கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டோம். சம்பளத்தை நேரத்துக்குத் தருவார், மழை நாளில் நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்வார். கம்பியூட்டரில் படம் வரைவது அவருடைய ஆசை. லினக்ஸில் ஒரு வசதி உண்டு. திரையில் தெரியும் ஜன்னல், பொத்தான், எழுத்து எல்லாவற்றின் தோற்றத்தையும் நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். அதைத் தீம் என்பார்கள். அவர் இரண்டு வாரம் உட்கார்ந்து எங்கள் திட்டத்துக்கென்று ஒரு தீம் செய்தார். எங்கும் பச்சை. பொத்தான்களுக்கு உருண்ட முனைகள். மூலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

"வெளிநாட்டு ஆக்கள் வந்து பார்த்தால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். எங்களுக்கும் பிடித்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணன் பத்து நிமிடம் திரையையே பார்த்தார். பிறகு என்னையும் சாந்தினியையும் கூப்பிட்டார். சாந்தினி எங்கள் நால்வரில் சின்னவள். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டம். எங்களில் மிக வேகமாகத் தட்டச்சு செய்பவளும் அவள்தான்.

நாங்கள் நிரப்பும் படிவத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. மேலே இரண்டு சிறிய காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் 'விண்ணப்பதாரர்' என்றும் மற்றதில் 'தந்தை' என்றும் இருக்கும். எந்தக் காதை அமுக்குகிறோமோ அந்தப் பக்கம் முன்னால் வரும். இதைத்தான் டெப் என்போம். இரண்டு பக்கத்திலும் ஒரே கட்டங்கள்தான்: முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். காதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் என்று அறிய முடியும்.

"எந்த டெப்ல நிக்கிறன்னு சொல்லு பாப்பம்" என்றார்.

ஒரு டெப் கரும்பச்சை. மற்றது இளம்பச்சை. சாந்தினி இளம்பச்சை என்றாள். நான் கரும்பச்சை என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீனத்தானே பாக்குறீங்க?" அவர் அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்து வந்தார். உள்ளே தாள்களின் ஓரத்தில் காது வைத்த பைல். "இந்தக் காது எந்தத் தாளோட? இந்தத் தாளோட. ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரே அட்ட. தாளப் பாத்தா காதும் தெரியுது. இங்க பாரு. ரெண்டு காதுக்கும் கீழ கோடு போட்டு வெட்டிட்டாரு. எந்தக் காது எந்தத் தாளோடதுன்னு எப்புடித் தெரியும்? மூணு டெப் இருந்தா ஒண்ணு மட்டும் வேற கலரா இருக்கும், அதுதான்னு கண்டுபிடிக்கலாம். ரெண்டுதான் இருக்கு. ரெண்டுல எது வேற?"

பிறகு தீமின் கோப்பைத் திறந்து படித்தார். மேசையில் அடித்தார். தெரிவு செய்த டெப்புக்குத்தான் பளிச்சென்ற பச்சை என்று இணைப்பாளர் நினைத்திருக்கிறார். ஆனால் அந்த மென்பொருளில், 'ஆக்டிவ்' என்ற பெயர் தெரிவு செய்யாத டெப்பைக் குறிக்கிறது. பெயரை நம்பி அங்கே பளிச்சென்ற நிறத்தைப் போட்டுவிட்டார். அதனால் முன்னால் இருக்கும் பக்கத்தின் டெப் மங்கலாகவும், பின்னால் இருப்பதன் டெப் பளிச்சென்றும் தெரிந்தன.

"அந்தப் பேர வச்சவன் மடையன். அத நம்பினவரு என்ன பண்ணுவாரு?" என்றார். இணைப்பாளரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. அது எனக்கு அன்று பெருந்தன்மையாகத் தெரிந்தது.

அன்றே அவர் ஒரு திருத்தம் செய்தார். தெரிவு செய்த டெப் வெள்ளை, எழுத்து தடிப்பு, கீழே கோடு இல்லாமல் பக்கத்தோடு சேர்ந்திருக்கும். மற்றது சாம்பல். அழகு இல்லை. ஆனால் கதவருகில் நின்றே எந்தப் பக்கம் என்று சொல்லலாம். திங்கட்கிழமை இணைப்பாளர் வந்து பார்த்தார்.

"ஐசே, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்ததை ஏன் கெடுத்தீர்? ரெண்டு கிழமை மெனக்கெட்டனான்."

"அழகா இருக்கு சேர். ஆனா எதுல நிக்கிறோம்னு தெரியல."

"கவனமா பார்த்தால் தெரியும். பழகினால் சரி."

பச்சை திரும்பி வந்தது. அண்ணன் வெள்ளையைப் போட்டார். மறுபடியும் பச்சை. கடைசியில், தன் அனுமதி இல்லாமல் யாரும் தீமை மாற்றக்கூடாது என்று இங்கிலீஷில் ஒரு தாள் சுவரில் ஒட்டப்பட்டது.

எங்கள் பழைய மொனிட்டர்களில் நிறம் மங்கியிருந்தது. இரண்டு மூன்றில் கரும்பச்சையும் இளம்பச்சையும் ஒன்றேதான். சாந்தினியுடையது அதில் ஒன்று. இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு விண்ணப்பத்தைச் சேமித்துப் புதியதைத் திறந்தால், முன்னே விட்ட டெப்பிலேயே அது நிற்கும். தந்தையின் விபரத்தோடு முடித்திருந்தால், அடுத்த ஆளின் பெயரையும் தந்தையின் பக்கத்தில்தான் தட்டச்சு செய்வோம். இரண்டும் இடம் மாறிவிடும். அச்சில் வருவதோ இங்கிலீஷ். கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

நடக்க வேண்டியது நடந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு, அட்டை வரும்வரை வைத்துக்கொள்ள, போட்டோ ஒட்டிய ஒரு கடிதம் கொடுப்போம். ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவளை விட்டார்கள். நேரே எங்கள் ஒபிஸுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுததாலா வேறு எதனாலா என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

"எம் போட்டோவுக்குப் பக்கத்துல எங்கப்பா பேரு" என்றாள். "நீ ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சாங்க. யாரு கடுதாசிய திருடுனன்னு அடிச்சாங்க. எங்கப்பா செத்தே எட்டு வருசம். செத்த மனுசன் பேர எந்தலையில எழுதிக் குடுத்தது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். கடிதத்தின் மூலையில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்து இருந்தது. சாந்தினியுடையது.

அன்று மத்தியானமே இணைப்பாளர் ஒரு கடிதம் தயாரித்துச் சாந்தினியின் கையில் கொடுத்தார். கவனயீனம் காரணமாக வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறாய் என்று அதில் இருந்தது. அவள் போனதும், எங்களுக்குக் கேட்கும்படியாகவே யாருக்கோ போனில் சொன்னார்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு கம்பியூட்டர் சரிவராது எண்டு நான் முதலே சொன்னனான்."

அண்ணன் அந்தக் கடிதத்தைச் சாந்தினியிடம் வாங்கிப் படித்திருந்தார். மேசையில் அடிக்கவில்லை. கத்தவில்லை. 'கவனயீனம்' என்ற அந்த ஒரு சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அடித்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து திட்டத்தின் பணிப்பாளர் அம்மாவும், பணம் கொடுக்கும் நிறுவனத்து வெள்ளைக்காரர்கள் இருவரும் வந்தார்கள். அறை கழுவப்பட்டது. எல்லாத் திரையிலும் பச்சை. இணைப்பாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் நடுவில் வந்து நின்றார்.

"மெடம், ஒரு நிமிசம். ஒரு புள்ளைய வேலைய விட்டு அனுப்பியிருக்காங்க. அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. இந்த டெப் மேலதான். சேரையே உக்காந்து ஒரு பேர அடிக்கச் சொல்லுங்க. அவருக்கே மாறிப்போகும்."

இணைப்பாளர் சிரித்தார். உட்கார்ந்தார். தன் பெயரையும் தந்தையின் பெயரையும் தட்டச்சு செய்தார். இரண்டும் சரியான பக்கத்தில் இருந்தன.

"பார்த்தீங்களா மெடம்? கவனம் இருந்தால் பிழை வராது."

"வரைஞ்சவருக்குத் தெரியும்தானே!" என்றார் அண்ணன். "அவரு போட்ட கலரு. அவருக்குத் தெரியாம இருக்குமா? அவர இருத்தினது என் மடத்தனம். இந்தப் புள்ளைகளக் கேளுங்க மெடம். டெய்லி இதுல சாகுறது இவங்கதான்."

பணிப்பாளர் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். நல்ல பெண்மணி. முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. மூவரில் நான் மூத்தவள். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "சொல்லுங்கோ பிள்ளை, இதில வேலை செய்ய உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

இணைப்பாளர் எனக்கு இரண்டடி தள்ளி நின்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இல்ல மெடம்" என்றேன். "கஷ்டம் இல்ல."

அவ்வளவுதான். அன்று பின்னேரம் அண்ணனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றதைக் கண்டு ஓடினேன். தோளில் ஒரு பையும் கையில் ஸ்க்ரூ டிரைவர் பெட்டியும் இருந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல் முன்னால் நின்றேன். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் போதும். காலில் விழுந்திருப்பேன்.

"ஒன் மேல தப்பு இல்ல தங்கச்சி" என்றார். "கேட்ட மொறையே பெழ. அவர பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டு கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. தனியா கூப்புட்டுக் கேட்டிருக்கணும். நீ வீட்டுக்குப் போ."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வேலை தொடர்ந்தது. பிழை வராமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். திரை எதைக் காட்டினாலும் நம்பக்கூடாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தொடங்குமுன் முதல் டெப்பை ஒருதடவை அமுக்கிவிட வேண்டும். ஏற்கெனவே அதில் நின்றாலும் சரி, அமுக்க வேண்டும். மற்ற இருவருக்கும், சாந்தினியின் நாற்காலிக்கு வந்த புதுப்பெண்ணுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவை தேவையில்லாத ஓர் அமுக்கு. பிழைகள் நின்றுவிட்டன.

இரண்டு மாதம் கழித்து இணைப்பாளர் புதுப்பெண்ணின் பின்னால் நின்று, திரையைக் காட்டி, வந்திருந்த யாரோ ஒருவரிடம் சொன்னார்: "அதே கம்பியூட்டர், அதே டெப். இப்ப ஒரு பிழையும் இல்லை. முந்தி இருந்த பிள்ளைக்குத்தான் கவனம் இல்லை."

சாந்தினிக்கு எதிரான சாட்சியாக என் கையாலேயே ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன். அவளைக் கைவிட்டது போதாதென்று, அவள்தான் குற்றவாளி என்று தினமும் நூறு தடவை அமுக்கி நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போன மனிதரின் சொல்லில் இரண்டு மாதம் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

அன்று பணிப்பாளர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். டெப் படத்தைத் தாளில் வரைந்து, எது எது என்று அம்புக்குறி போட்டேன். 'அன்று நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. தீம் மாற்றப்பட்டது. சாந்தினி திரும்பவும் வேலைக்கு வரலாம் என்று ஒரு கடிதமும் வந்தது. அண்ணனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் மொனராகலைப் பக்கம் போய்விட்டதாகக் கீழே இரும்புக்கடை முதலாளி சொன்னார். மாத முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இணைப்பாளர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாந்தினியின் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஹாலிஎலயில் இறங்கி, மலையேறி, அவள் லயத்துக்குப் போனபோது அவள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டாளாம். கொழுந்து எடுக்கும் நிரையில் எல்லோரும் 'கம்பியூட்டர் அம்மா' என்று கூப்பிடுகிறார்களாம். சிரிக்காமல் சொன்னாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை வாசித்தாள்.

"வேல தர்றாங்க. சரி. என் கவனயீனம் இல்லன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை.

"அப்ப வேணாம்கா" என்று மடித்துத் திருப்பித் தந்தாள்.

"சாந்தினி, அன்னிக்கு அந்த மெடம் கேட்டப்ப..."

"தெரியும். கஷ்டம் இல்லன்னு சொன்னீங்க." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அண்ணன் மொனராகலைக்குப் போறதுக்கு முந்தி இங்க வந்தாரு. நடந்ததச் சொன்னாரு. ஒங்க மேல தப்பு இல்லன்னாரு. கேட்ட மொறதான் பெழையாம்."

"நீ என்ன சொன்ன?"

"தப்புதான்னு சொன்னேன். சுவிச்சு மாறிப்போச்சுன்னா மனுசனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இல்லன்னு சொல்லிச்சு. அதையும் இதையும் ஒண்ணா வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"கையில இருந்த பெட்டிய கீழ வச்சாரு. பொறகு, ஆமா, தப்புதான்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு."

அவள் வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றி மிச்சச் சேற்றைத் தேய்த்தாள். நான் மலையிறங்கி வந்து, ஹாலிஎல பஸ் ஹோல்ட்டில் நின்றபோதுதான் அழுகை வந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் அவர் முன்னால் நின்றேன். அவர் வாயிலிருந்து எது வந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஊரெல்லாம் கத்திய மனிதர், சாமான் செய்தவனையெல்லாம் திட்டிய மனிதர், என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தித் தப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். 'ஆமா, தப்புதான்' என்ற அந்த இரண்டு சொல்லையும் பிறகு சாந்தினியிடம் சொன்னவருக்கு, திரும்பி வந்து என்னிடம் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கடிதத்தை அன்றே எழுதியிருப்பேன். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் தீராத கோபம் இருக்கிறது.